காசு குறையவில்லை, கணக்குத்தான் தடுமாறியது



சென்ற மாதம் இப்பக்கத்தில் இரத்தச்சோகை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சகோதரி ஒருவர் என்னை வழியில் மறித்து, "அக்கா, இரத்தம் எல்லாம் காணுமெண்டு சொல்லுகினம். பிறகேன் எனக்கு இப்பிடிக் களைக்குது? சொன்னதும் மறந்து போகுது" என்று கேட்டார். அவருக்கு என்ன நோய் என்று சொல்ல நான் வைத்தியர் அல்ல. வைத்தியரிடம் போகும்படி சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வேறொருவரை நினைவுபடுத்தியது. அவரிடம் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கின்றேன். அந்தப் பிழையை இங்கே எழுதுவதால் யாராவது ஒருவருக்குப் பயன் கிடைக்குமானால் நல்லது.

எங்கள் கிராமத்துச் சேமிப்புக் குழுவில் பதினெட்டுப் பேர் இருக்கின்றோம். புதன்கிழமை தோறும் பின்னேரம் மூன்று மணிக்கு முன்பள்ளிக் கட்டடத்தில் கூடுவோம். பொருளாளராக இருந்தவர் எங்கள் எல்லோரிலும் இளையவர், கணிதத்தில் கெட்டிக்காரி. தன்னுடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தங்கச்சி என்றே குறிப்பிடுகின்றேன். இதை எழுதச் சம்மதித்தவரும் அவர்தான். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

2009 இல் இடம்பெயர்ந்து போகும் வழியில் அவருக்குத் தொடையில் ஷெல் துண்டு பட்டது. தகப்பனையும் அண்ணனையும் அந்த ஆண்டில் இழந்தார். முகாமில் இருந்து திரும்பி வந்து, தாயையும் பார்த்துக்கொண்டு, கோழி வளர்த்து வாழ்ந்து வந்தார். 2017 ஆம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து அவருடைய கணக்குக் கொப்பியில் வெட்டித் திருத்தல்கள் கூடத் தொடங்கின. ஒருவர் கட்டிய காசு இன்னொருவர் பெயருக்கு நேரே பதிவாகியிருக்கும். கூட்டுத்தொகை பிழைக்கும். கேட்டால் முகம் சிவந்து, "திரும்பப் பார்க்கிறன் அக்கா" என்பார். கூட்டத்துக்கும் பிந்தி வருவார். வந்தாலும் சுவரில் சாய்ந்தபடி இருப்பார். "இளம்பிள்ளை, இந்தச் சோம்பல் ஆகாது" என்று மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த வருடம் வைகாசியில் கொப்பியின்படி 3,400 ரூபா குறைந்தது. பதினேழு பேர் பார்த்திருக்க, "காசு எங்கை போச்சுது பிள்ளை?" என்று கேட்டது என்னுடைய வாய்தான்.

"நான் ஒரு சதமும் எடுக்கேல்லை அக்கா. எண்ணிக்கொண்டிருக்கேக்கை ஆரும் கதைச்சால் எல்லாம் கலைஞ்சு போகுது. திரும்ப முதலில இருந்து எண்ண வேண்டிக் கிடக்கு. மண்டைக்குள்ளை சனம் கூடி நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

நான் அதை நம்பவில்லை. தகரப் பெட்டியின் திறப்பையும் கொப்பியையும் அவரிடம் இருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். போகும்போது இடதுகாலை இழுத்து இழுத்து நடந்ததைக் கண்டேன். ஷெல் துண்டு செய்யும் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொன்னோம்

அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் அவர் குழுப்பக்கம் வரவில்லை. 2018 இல் ஒருநாள் கிணற்றடியில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு கால்களும் மரத்துப்போய், இடுப்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது போல இருக்கின்றது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து வேறு மாவட்டத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே நரம்பியல் வைத்தியர் முதலில் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "முந்தி எப்போதாவது ஒரு கண் மங்கலாகி, கண்ணை அசைக்க நோவெடுத்ததா?" என்றுதான் கேட்டார். தங்கச்சி திகைத்துப் போனார். 2014 இல் வலது கண் மங்கி, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிந்ததாம். ஒரு மாதத்தில் தானாகவே சுகமாகிவிட்டதாம். அடுப்புப் புகையால் வந்தது என்று தாயார் சொல்லியிருக்கின்றார். 2016 இல் கால் விறைத்தபோது ஷெல் துண்டு நரம்பை அழுத்துகின்றது என்றார்கள். மறதி வந்தபோது, இழப்புகளை நினைத்து யோசிப்பதால் என்றார்கள். களைப்புக்குச் சோம்பல் என்றோம். நடந்த யுத்தம் எங்கள் உடம்பிலும் மனதிலும் பதிந்திருப்பது உண்மைதான். ஆனால் எந்த வருத்தம் வந்தாலும் அதையே காரணம் சொல்லிப் பழகியதால், உள்ளே வளர்ந்த இன்னொரு வருத்தத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் சகோதரிகள் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடம்பில் ஷெல் துண்டோ, சன்னமோ, எலும்புக்கு வைத்த தகடோ இருந்தால், சின்னத் துண்டாக இருந்தாலும், பழைய காயமாக இருந்தாலும், உள்ளே போக முன்னர் சொல்லிவிட வேண்டும். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ உலோகத் துகள் பட்டிருந்தால் அது மிக முக்கியம். சொன்னால் ஸ்கான் மறுக்கப்படும் என்று சிலர் பயப்படுகின்றார்கள். அப்படி அல்ல. எக்ஸ்றே எடுத்து, துண்டு எங்கே இருக்கின்றது என்று பார்த்து வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். தங்கச்சிக்கும் அப்படிப் பார்த்த பின்னர்தான் ஸ்கான் எடுத்தார்கள்.

படத்தில் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மற்றப் பரிசோதனைகளும் முடிந்த பின்னர், மல்ரிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்று வைத்தியர் சொன்னார். பல இடங்களில் இறுகிய தழும்பு என்பது அந்தப் பெயரின் பொருள்.

வயரின் உறை கழன்றால்

மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இருந்து நீண்ட நார் புறப்பட்டு மற்றக் கலங்களுக்குச் செய்தி கொண்டுபோகும். மின்சார வயருக்கு மேல் பிளாஸ்ரிக் உறை இருப்பது போல, இந்த நார்கள் பலவற்றின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கின்றது. உறையுள்ள தடித்த நாரில் செய்தி வினாடிக்கு 100 மீற்றர் அளவு வேகத்தில் பாயும். உறையில்லாத மெல்லிய நாரில் வினாடிக்கு 1 மீற்றர் அளவில்தான் ஊரும்.

கிருமிகளிடம் இருந்து எங்களைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்களே, எம்.எஸ். நோயில் தவறுதலாக இந்த உறையைத் தாக்குகின்றன. உறை கழன்ற இடத்தில் செய்தி பிந்துகின்றது, சில வேளை நின்றுவிடுகின்றது. வீக்கம் வற்றிய பின்னர் உறை ஓரளவு திரும்பவும் வளரலாம். அதனால்தான் தங்கச்சியின் கண் தானாகச் சுகமானது போல இருந்தது. காலப்போக்கில் உறை மட்டுமன்றி உள்ளே இருக்கும் நாரும் அழியலாம்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகின்ற நோய் இது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகின்றது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 29 இலட்சம் பேருக்கு இருப்பதாக 2023 இல் கணக்கிடப்பட்டது. குளிர் நாடுகளில் அதிகம், எங்கள் பகுதிகளில் குறைவு. குறைவு என்பதால் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. தொற்று நோய் அல்ல. தொட்டாலோ, ஒரே கோப்பையில் குடித்தாலோ ஒட்டாது. எப்ஸ்ரைன் பார் என்ற வைரசுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2022 இல் அமெரிக்கப் படையினரின் பல வருட இரத்த மாதிரிகளை ஆராய்ந்து காட்டினார்கள். அந்த வைரஸ் உலகத்தில் மிகப் பெரும்பாலானோரின் உடம்பில் உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகின்றது. யாருடைய பாவமும் சாபமும் இதற்குக் காரணம் அல்ல.

இந்த நோயை 1868 இல் தெளிவாக விவரித்தவர் ஜோன் மார்ட்டின் சார்க்கோ என்ற பிரெஞ்சு வைத்தியர். பரிஸ் நகரில் ஏழைப் பெண்களும் முதிய பெண்களும் தங்க வைக்கப்பட்டிருந்த சல்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில்தான் அவர் வேலை செய்தார். நோயாளர்களின் நினைவு பலவீனமாவதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவர் அப்போதே எழுதி வைத்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த பலர் இதைக் கை, கால், கண் வருத்தமாக மட்டுமே நெடுங்காலம் பார்த்தார்கள். 1991 இல் அமெரிக்காவில் 100 நோயாளர்களை நுணுக்கமாகச் சோதித்தபோதுதான், பத்தில் நான்கு பேருக்கு மேல் நினைவிலோ கவனத்திலோ யோசிக்கும் வேகத்திலோ குறை இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அதுவரை எத்தனை பெண்கள் சோம்பேறி என்றும் கவனமில்லாதவள் என்றும் பெயர் கேட்டிருப்பார்களோ!

மூளைக்குள் ஒரு வீதி வலை

புள்ளி இருப்பது வேறு இடத்தில், எண்ணுவது ஏன் தடுமாற வேண்டும் என்று நான் வைத்தியரைக் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து வீதிப்படம் கீறினார். அவர் சொன்னதை எங்கள் ஊர் வழியில் சொல்கின்றேன்.

மூளையில் கணக்குக்கு ஒரு மூலை, நினைவுக்கு ஒரு மூலை என்று தனித்தனியாக எதுவும் வேலை செய்வதில்லை. தூரத்தூர இருக்கும் பல பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான் ஒரு வேலையை முடிக்கின்றன. இதை வலையமைப்பு என்கின்றார்கள். காசு எண்ணும்போது கண் பார்க்க வேண்டும், கை நோட்டைத் தள்ள வேண்டும், எண்ணிய தொகையை மனதில் பிடிக்க வேண்டும், பக்கத்தில் கதைப்பதைத் தள்ளி வைக்க வேண்டும். நாங்கள் சும்மா இருந்து யோசனையில் ஆழும்போது மும்முரமாக இயங்கும் இன்னொரு வலையமைப்பும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மார்க்கஸ் றெய்க்கிள் 2001 இல் அதை எடுத்துச் சொன்னார். வேலையில் கவனம் வைக்கும்போது அந்த வலையமைப்பு தணிந்து இடம்விட வேண்டும். இத்தனையும் நேரத்துக்கு நடக்க வேண்டுமானால் வீதிகள் நன்றாக இருக்க வேண்டும். அந்த வீதிகள்தான் மயலின் சுற்றிய நார்கள்.

ஏ9 வீதி 2006 ஆவணியில் பூட்டப்பட்டது எங்களுக்கு நினைவிருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் கப்பலில் திருகோணமலை போய் அங்கிருந்து போனார்கள். அதற்கு முன்னர், 1990களின் தொடக்கத்தில், கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தோம். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்தான். ஆனால் எத்தனை நாள், எத்தனை அலைச்சல், எவ்வளவு களைப்பு! எம்.எஸ். உள்ள மூளையும் இப்படித்தான் சுற்று வழி தேடுகின்றது.

இதை எப்படிக் கண்டார்கள்? மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே இரத்த ஓட்டம் கூடும். இரத்தத்தின் ஒட்சிசன் அளவில் வரும் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. மூலம் பார்க்கலாம் என்று யப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா 1990 இல் அமெரிக்காவில் வைத்துக் காட்டினார். அந்த முறையில் பார்த்தபோது, நோயின் தொடக்க காலத்தில், விரலை அசைப்பது, எண்களைக் கூட்டுவது போன்ற வேலைகளுக்கு எம்.எஸ். உள்ளவர்களின் மூளையில் மற்றவர்களைவிடக் கூடுதலான பகுதிகள் இயங்கின. முடிவு ஒன்றுதான், விடையும் சரிதான். ஆனால் அதற்கு மூளை பட்ட பாடு கூட. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

சுற்று வழி எப்போதும் தாங்காது. மாங்குளம் சந்தியை நினைத்துப் பாருங்கள். கிழக்கே முல்லைத்தீவுக்கும் மேற்கே மல்லாவிக்கும் அங்கிருந்துதான் பிரிய வேண்டும். சுற்றியுள்ள வீதிகள் உடைந்து வாகனம் எல்லாம் ஒரே சந்திக்குத் திரும்பினால், அந்தச் சந்தியே திணறும். மூளையின் நடுவில் தலமஸ் என்ற பகுதி இப்படியான பெரிய சந்தி. எம்.எஸ். நோயில் அது ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குவதுண்டு. சேதம் ஓர் அளவைத் தாண்டும்போது, ஈடு கொடுத்து வந்த வலையமைப்பு தளர்ந்து, நினைவும் வேகமும் குறைவது வெளியில் தெரிகின்றது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகர ஆய்வாளர்கள் 2015 இல் இதை வலையமைப்பின் சரிவு என்று விளக்கினார்கள். கூடுதலாக இயங்குவது எல்லாம் மூளை நன்றாக ஈடுகொடுப்பதன் அடையாளம் என்றும் சொல்ல முடியாது, சில வேளை அது நெரிசலின் அடையாளம் என்றும் இப்போது கருதுகின்றார்கள்.

இதனால்தான் ஸ்கானில் தெரியும் புள்ளிகளை எண்ணி ஒருவரின் நிலையைச் சொல்ல முடிவதில்லை. நிறையப் புள்ளி உள்ளவர் நன்றாக நடமாடுவார். சில புள்ளி உள்ளவர் மிகவும் கஷ்டப்படுவார். எந்த வீதி உடைந்தது, எந்தச் சந்தி பாதிக்கப்பட்டது, சுற்று வழி எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது அது.

விளக்கம் குறையவில்லை

பிறகு தங்கச்சிக்கு ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு தாளின் மேலே ஒன்பது அடையாளங்களும் அவற்றுக்குரிய ஒன்பது எண்களும் இருக்கும். கீழே வரிசையாக உள்ள அடையாளங்களுக்குரிய எண்ணை 90 வினாடிக்குள் இயன்றளவு சொல்ல வேண்டும். அமைதியான அறையில் இருந்து அவர் சொன்னார். ஒன்றும் பிழைக்கவில்லை. ஆனால் அவருடைய வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே முடித்திருந்தார்.

"தங்கச்சி, உமக்கு விளக்கம் குறையேல்லை. வேகம்தான் குறைஞ்சிருக்கு. ஒரே நேரத்தில ரெண்டு வேலை தந்தால் தடக்குது. வெயிலுக்கை இன்னும் கூடத் தடக்கும்" என்றார் வைத்தியர்.

தங்கச்சி அழுதார். நோய் வந்ததற்காக அல்ல. "அப்ப நான் பைத்தியமும் இல்லை, கள்ளியும் இல்லை" என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

வெயிலைப் பற்றிச் சொன்னதும் உண்மை. உடம்புச் சூடு சிறிது கூடினாலே உறை கழன்ற நாரில் செய்தி இன்னும் தடைப்படும். உடலை வருத்தி வேலை செய்த பின்னர் நோயாளரின் பார்வை தற்காலிகமாக மங்குவதை ஜேர்மனியைச் சேர்ந்த ஊட்ஹொவ் என்ற கண் வைத்தியர் 1890 இல் எழுதி வைத்தார். உடம்பு குளிர்ந்தால் பழைய நிலைக்கு வரும். நாங்கள் கூட்டம் வைத்த நேரமோ பின்னேரம் மூன்று மணி. தகரக் கூரையின் கீழ், பதினெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைக்க, அவர் காசை எண்ணினார்.

வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோருடைய பாஸ்புத்தகங்களையும் வங்கிச் சிட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு பழைய கணக்கை முதலில் இருந்து கூட்டினேன். 3,400 ரூபா குறையவே இல்லை. சில தொகைகள் கொப்பியில் இரண்டு தரம் பதிவாகியிருந்தன. அதனால் கொப்பியில் கூடவும் கையில் குறைவாகவும் காட்டியது. அது மட்டுமல்ல, எங்களுடைய சேமிப்பைக் கூட்டிப் பார்த்தால் வங்கியில் 2,140 ரூபா கூடுதலாகக் கிடந்தது. அது யாருடைய காசு என்று தங்கச்சியைக் கேட்டேன். முன்னைய மாதங்களில் கணக்குக் குறைந்தபோதெல்லாம், முட்டை விற்ற காசைப் போட்டுச் சமப்படுத்தியதாகச் சொன்னார். நாங்கள் கள்ளி என்று நினைத்தவருக்கு நாங்கள்தான் கடன்பட்டிருந்தோம். அந்தப் புதன்கிழமை எல்லோர் முன்னிலையிலும் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்ட கேள்விக்கு, எல்லோர் முன்னிலையிலும்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செய்யக்கூடியவை

எம்.எஸ். நோயை முற்றாக மாற்றும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் புதிய தாக்கங்களைக் குறைக்கும் மருந்துகள் பல உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் இந்த நோய்க்கான மூன்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கடுமையான தாக்கம் வரும்போது ஏற்றும் ஸ்ரீரொய்ட் ஊசி, அந்தத் தாக்கத்தில் இருந்து விரைவாகத் தேற உதவும். எந்த மருந்து பொருந்தும், கிளினிக்கில் எது கிடைக்கும் என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். இதைப் போலவே கண்ணையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் வேறு நோய்களும் உண்டு. எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் அவற்றைக் கூட்டிவிடும். ஆகவே ஒருவரின் மருந்தை மற்றவர் வாங்கிப் போடக் கூடாது.

கலியாணம், பிள்ளைப்பேறு பற்றித் தங்கச்சிக்கு நிறையப் பயம் இருந்தது. இந்த நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்கங்கள் குறைவதும், பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதங்களில் கூடுவதும் 1998 இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் தெரிந்தது. சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது என்பதால், கருத்தரிக்க முன்னரே வைத்தியரிடமும் குடும்பநல மாதுவிடமும் கதைக்க வேண்டும்.

மறதியுள்ள எல்லோருக்கும் எம்.எஸ். என்று பயப்பட வேண்டாம். கவலை, நித்திரையின்மை, இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, தலையில் பட்ட பழைய காயம் எல்லாமே யோசிக்கும் வேகத்தைக் குறைக்கும். எம்.எஸ். உள்ளவர்களிலும் பலருக்கு மனச்சோர்வு வருகின்றது, அதற்கும் வைத்தியம் உண்டு. ஆனால் ஒரு கண் நோவுடன் மங்கினால், கைகாலோ உடம்பின் ஒரு பக்கமோ ஒரு நாளுக்கு மேல் விறைத்திருந்தால், கழுத்தைக் குனியும்போது முதுகு வழியே கரண்ட் அடித்தது போல இருந்தால், நடக்கும்போது தள்ளாடினால், தானாக மாறினாலும் வைத்தியரிடம் போய்ச் சொல்லுங்கள். எந்த மாதத்தில் என்ன வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். யுத்தக் காயம் பற்றியும் சொல்லுங்கள், அதற்குப் பிறகு புதிதாக வந்ததையும் பிரித்துச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் நாங்கள் செய்த மாற்றங்கள் சின்னவை. கூட்டத்தைக் காலை எட்டரைக்கு மாற்றினோம். ஒருவர் காசை வாங்கி எண்ணித் தொகையைச் சொல்வார், தங்கச்சி எழுதுவார், மூன்றாவது ஆள் பார்த்துக் கையொப்பம் வைப்பார். எழுதி முடியும் வரை ஒருவரும் கதைப்பதில்லை. அரை மணிக்கு ஒரு தரம் ஓய்வு. வெயில் கூடினால் ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொள்வார். வீட்டிலும் ஒரு நேரத்தில் ஒரு வேலை, செய்ய வேண்டியதைச் சுவரில் எழுதி ஒட்டுவது, கடினமான வேலையைக் காலையில் முடிப்பது என்று பழகிக்கொண்டார். வாசிப்பும் மூளைக்கு வேலை தரும் பொழுதுபோக்குகளும் உள்ளவர்களின் மூளை சேதத்தைக் கூடுதல் காலம் தாங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அளவான உடற்பயிற்சி களைப்பைக் குறைக்க உதவுகின்றது. ஆகவே காலை வேளையில் கொஞ்சம் நடக்கின்றார், இந்த இதழையும் ஒரு வரி விடாமல் வாசிக்கின்றார்.

எல்லாம் சுகமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சென்ற வருடமும் ஒரு தாக்கம் வந்து, இப்போது ஊன்றுகோலுடன் நடக்கின்றார். சில நாட்களில் கட்டிலால் எழும்ப ஏலாது. அந்த நாட்களில் இரண்டு பேர் போய்க் கோழிகளுக்குத் தீன் போட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு வருகின்றோம். ஆனால் திறப்பும் கொப்பியும் அவரிடம்தான் இருக்கின்றன.

இதை வாசித்துக் காட்டியபோது தங்கச்சி ஒன்று சொன்னார். "அக்கா, 'உனக்கு என்ன குறை, பார்க்க நல்லாத்தானே இருக்கிறாய்' எண்டு ஆரையும் கேட்க வேண்டாமெண்டு எழுதுங்கோ. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் விட்டனான்" என்றார். எழுதிவிட்டேன். உங்கள் குழுவில் திடீரென்று பின்தங்கிப் போன ஒருவர் இருந்தால், கொப்பியை வாங்க முன்னர், உடம்புக்கு என்ன செய்கின்றது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.